பெருந்தொற்றுக் காலத்தில் பரிசோதனைச் செலவை யார் ஏற்பது? குமரி மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பரிசோதனைக்கான பணத்தை யார் கட்டுவது என்பது பெரும்பாலும் மாதிரி எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பரிசோதனையை எழுதிக் கொடுத்தவர் யார், என்ன காரணத்துக்காக எழுதிக் கொடுத்தார், மாதிரியை எங்கே கொடுத்தீர்கள் என்ற மூன்று கேள்விகளின் விடையைப் பொறுத்து, அதே பரிசோதனை ஒருவருக்கு இலவசமாகவும் அடுத்த வீட்டுக்காரருக்கு ஆயிரக்கணக்கில் செலவாகவும் அமைந்துவிடும். கொரோனா காலத்தில் நம் மாவட்டத்தில் பலர் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அதைத் திரும்பப் பெற வழி தேடினார்கள். வரிசையை மாற்றிப் போட்டதால் வந்த அலைச்சல் அது. சரியான வரிசை எது என்பதை, கொரோனா, நிபா, ஜிகா ஆகிய நோய்களின்போது நடைமுறையில் இருந்த ஏற்பாடுகளைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

பணம் எங்கிருந்து வருகிறது

உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பன்னாட்டுப் பொதுச் சுகாதார அவசர நிலையாக அறிவித்தது 2020 ஜனவரி 30. அதை விலக்கிக்கொண்டது 2023 மே 5. அந்த அறிவிப்பினால் மட்டும் நாகர்கோவிலில் ஒரு பரிசோதனைகூட இலவசமாகிவிடவில்லை. நமக்குப் பயன்பட்டவை மத்திய, மாநில அரசுகளின் ஆணைகள்தாம். 2020 மார்ச் 14 அன்று மத்திய அரசு கொரோனாவைப் பேரிடராகக் கருத முடிவு செய்ததால், மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து மாதிரி சேகரிப்புக்கும் ஆய்வகப் பொருள்களுக்கும் செலவு செய்ய வழி பிறந்தது. 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம், 1939-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஆகியவை அரசுக்கு அதிகாரம் தருகின்றன. ஆனால் தனிமனிதரின் கட்டணச் சீட்டில் எத்தனை ரூபாய் இருக்கலாம் என்பதைச் சொல்வது அந்தந்த நேரத்தில் வெளிவரும் அரசாணை. ஆகவே புதிய நோய் ஒன்று பரவும்போது, அதற்கான தமிழக அரசாணை வந்துவிட்டதா, அதில் கட்டணம் எவ்வளவு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மாநில அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

முதற்படி: அரசு மருத்துவமனையிலிருந்து தொடங்குங்கள்

காய்ச்சலோ வேறு அறிகுறியோ தென்பட்டால், வசதி உள்ளவரும் இல்லாதவரும் முதலில் போக வேண்டிய இடம் அரசு ஆரம்ப சுகாதார நிலையமோ அரசு மருத்துவமனையோதான். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பத்மநாபபுரம் தலைமை மருத்துவமனை, குழித்துறை, குளச்சல், பூதப்பாண்டி ஆகிய ஊர்களின் அரசு மருத்துவமனைகள் என மாவட்டத்தின் எந்த மூலையிலிருந்தும் எட்டக்கூடிய தொலைவில் ஏதேனும் ஒன்று இருக்கிறது. அவசர நிலை நோய்க்கு அரசு மருத்துவர் எழுதும் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. ஏழை, பணக்காரர் என்ற பாகுபாடோ குடும்ப அட்டையின் நிறமோ அங்கே கேட்கப்படுவதில்லை.

கொரோனாவின் தொடக்க நாள்களில் நம் மாவட்டத்து மாதிரிகள் திருநெல்வேலிக்குச் சென்றன. பின்னர் ஆசாரிப்பள்ளத்திலேயே ஆய்வகம் அமைந்தது. மாதிரி வெளியூருக்குப் போனாலும், நிபா போன்ற நோய்க்காகப் புனே நகரிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் வரை போனாலும், அனுப்பும் செலவும் ஆய்வுச் செலவும் அரசைச் சேர்ந்தவை. நோயாளியிடம் அதற்காகப் பணம் கேட்க இடமில்லை.

அரசுப் பணியாளர் உங்களைத் தேடி வந்து மாதிரி எடுக்கும் சூழலும் உண்டு. நோயாளியோடு தொடர்பில் இருந்தவர் என்று சுகாதார ஆய்வாளர் வீட்டுக்கு வந்து எடுத்தாலும், 2020-இல் ஆரல்வாய்மொழியிலும் களியக்காவிளையிலும் நடந்ததைப் போலச் சோதனைச் சாவடியில் நிறுத்தி எடுத்தாலும், அது கண்காணிப்புப் பணியின் பகுதி. அதற்கு நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. எடுத்தவரின் பெயர், பதவி, மாதிரி எண் ஆகியவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முடிவு தாமதமானால் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க முடியும். ஊரில் பலருக்கு ஒரே சமயத்தில் காய்ச்சல் கண்டால், தனித்தனியாக ஆய்வகங்களுக்கு ஓடுவதைவிட, வட்டார மருத்துவ அலுவலருக்குத் தகவல் கொடுத்து முகாம் கேட்பது நல்லது. கடற்கரை ஊர்களில் இது எளிது. பங்குப் பேரவையோ ஊர்க் கமிட்டியோ ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

தனியார் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டுடன் அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே புறநோயாளிச் சீட்டுப் பெற்று, அரசு மருத்துவர் பார்த்து மீண்டும் எழுத வேண்டும். வெளிச்சீட்டை ஆய்வகச் சாளரத்தில் நேராக நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைக் கண்டு "இலவசம் என்பதெல்லாம் பொய்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நோய் வருமுன் எடுத்துவையுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2018 முதல் பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைத்துச் செயல்படுத்தப்படுகிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது. 2022-இல் அது 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. பழைய வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு "நமக்குக் கிடைக்காது" என்று இருந்துவிட்ட குடும்பங்கள் மறுபடி பார்க்க வேண்டும்.

வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் குடும்பத்தினர் நாகர்கோவில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக நகர்ந்து வரும். இதற்குச் சில நாள்கள் ஆகும். ஊரடங்கு வந்துவிட்டால் இன்னும் ஆகும். ஆகவேதான் நோய் வருமுன் என்றேன். அட்டை தொலைந்துவிட்டாலும் கவலை வேண்டாம். குடும்ப அட்டை எண்ணைக் கொண்டு திட்டத்தின் இணையதளத்தில் உங்கள் பதிவு எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

இந்த அட்டை பரிசோதனைச் செலவை எப்படி ஏற்கிறது என்பதில்தான் குழப்பம் மிகுதி. அட்டை இருக்கிறது என்பதற்காக எந்தத் தனியார் ஆய்வகத்திலும் நுழைந்து இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ள முடியாது. இரண்டு வழிகளில் மட்டுமே அது பயன்படும். பட்டியலில் உள்ள மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேரும்போது, சிகிச்சைக்கான தொகுப்புக் கட்டணத்துக்குள்ளேயே பரிசோதனைகளும் அடங்கிவிடுகின்றன என்பது முதல் வழி. ஆயுஷ்மான் பாரத் விதிகளின்படி, சேர்வதற்கு முந்தைய 3 நாள்களுக்கும் வீடு திரும்பிய பின் 15 நாள்களுக்குமான பரிசோதனைகளும் மருந்துகளும்கூட அதில் சேரும். அரசு மருத்துவமனையே மாதிரியைத் தனியார் ஆய்வகத்துக்குப் பரிந்துரைப்பது இரண்டாம் வழி. 2020 ஜூனில் தமிழக அரசு கொரோனா பி.சி.ஆர். பரிசோதனைக்கு (மாதிரியில் கிருமியின் மரபணுவைத் தேடும் ஆய்வக முறை) கட்டணம் நிர்ணயித்தபோது, இவ்வாறு பரிந்துரைக்கப்பட்ட காப்பீட்டுப் பயனாளிகளுக்கு 2,500 ரூபாய் என்றும், தாமாக வருகிறவர்களுக்கு 3,000 ரூபாய் என்றும் பிரித்தது. முதல் தொகை அரசுத் தரப்பிலிருந்து ஆய்வகத்துக்குப் போனது. இரண்டாவது நம் சட்டைப்பையிலிருந்து போனது. அட்டை வைத்திருந்தும் பரிந்துரை இல்லாமல் நேரே போனவர் இரண்டாம் கணக்கில்தான் விழுந்தார்.

2021 மே 7 அன்று, காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் தனியார் மருத்துவமனைகளில் பெறும் கொரோனா சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் என்ற ஆணை வெளியானது. அப்போதும் சேரும் நேரத்திலேயே அட்டையைக் காட்டிப் பதிவு செய்தவர்களுக்குச் சிக்கல் வரவில்லை. முன்பணம் கட்டிவிட்டு மூன்றாம் நாள் அட்டையை எடுத்து நீட்டியவர்களுக்கே இழுபறி. மருத்துவமனைக்குள் நுழைந்ததும் காப்பீட்டுத் திட்டப் பிரிவு எங்கே என்று கேட்டு, அங்கே பெயரைப் பதிந்த பிறகே மற்ற வேலைகளைப் பாருங்கள்.

மூன்றாம் படி: இ.எஸ்.ஐ. உறுப்பினர்களும் அரசு ஊழியர்களும்

நம் மாவட்டத்தின் முந்திரி ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் பலர் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் உறுப்பினர்கள், ஆனால் சம்பளச் சீட்டில் பிடிக்கப்படும் 0.75 விழுக்காட்டைத் தவிர அதைப் பற்றி அதிகம் அறியாதவர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். நிர்வாகம் தன் பங்காக 3.25 விழுக்காடு செலுத்துகிறது. இ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவர் பரிந்துரைத்தால் பரிசோதனைக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. அவசரத்தில் வேறு மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் செலவைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். பரிந்துரையும் அசல் ரசீதும் இல்லாமல் அந்த விண்ணப்பம் நகராது.

ஆலையைத் திறக்கும் முன் எல்லாத் தொழிலாளரும் பரிசோதனை முடிவுடன் வர வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால் என்ன செய்வது? அது தொழிலாளியின் நோய்க்கான சிகிச்சை அன்று, நிர்வாகத்தின் தேவை. ஆகவே நிர்வாகமே செலவை ஏற்க வேண்டும், அல்லது அரசு முகாமுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்பது நியாயம் என்றே கருதுகிறேன்.

அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்குமான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. வெளிநோயாளியாகச் செய்துகொண்ட பரிசோதனைக்கு அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

நான்காம் படி: தனியார் காப்பீடு எடுத்தவர்கள் கவனிக்க வேண்டியவை

கொரோனா தொடர்பான கோரிக்கைகளை விரைந்து பரிசீலிக்குமாறு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 மார்ச் 4 அன்றே நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஆனாலும் பரிசோதனைக் கட்டணத்துக்கான கோரிக்கைகள் பல தள்ளுபடியாயின. காரணம் பாலிசிக்குள்ளேயே இருந்தது. வழக்கமான பாலிசி, மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறுவதற்கானது. பரிசோதித்துப் பார்த்து நோய் இல்லை என்று தெரிந்து வீடு திரும்பினால், அந்தப் பரிசோதனைக்கு அது பணம் தராது. வெளிநோயாளிச் செலவுக்கான தனிப் பிரிவு இருந்தால் மட்டுமே தரும்.

நோய் உறுதியாகி மருத்துவமனையில் சேர்ந்தால் நிலைமை மாறும். சேர்வதற்கு முந்தைய செலவு என்ற கணக்கில் அதே பரிசோதனைக்குப் பணம் கிடைக்கும். எல்லா நிறுவனங்களும் விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசியில், சேர்வதற்கு முந்தைய 30 நாள்களும் வீடு திரும்பிய பின் 60 நாள்களும் இக்கணக்கில் வரும். மொத்தத்தில் 5 விழுக்காட்டை நாமே ஏற்க வேண்டும். 2020 ஜூலையில் வந்த கொரோனா கவச் பாலிசியில் இது 15 நாள், 30 நாள் என்று குறைந்திருந்தது. ஆனால் மருத்துவர் மேற்பார்வையில் வீட்டிலேயே 14 நாள் வரை பெறும் சிகிச்சையும், அதற்கான பரிசோதனைகளும் அதில் அடங்கின.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பரிசோதனைப் பணத்தை எப்படியாவது வாங்கிவிடலாம் என்று எண்ணி, "ஒரு நாள் சேர்ந்துவிடுங்கள்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டும் சேர்ந்தால் பணம் இல்லை என்பது ஆணையம் வகுத்துள்ள பொது விலக்குகளில் ஒன்று. அதன் குறியீட்டெண் 04. அறைவாடகையும் சேர்ந்து கைவிட்டுப் போவதுதான் மிச்சம்.

ஆவணங்களில் மூன்றைத் தவறவிடாதீர்கள். தேதியும் முத்திரையும் கொண்ட மருத்துவர் சீட்டு, பரிசோதனையின் பெயரும் தொகையும் தனித்தனியே குறித்த ரசீது, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் முடிவு அறிக்கை. கொரோனா காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஒப்புதல் பெறாத ஆய்வகத்தின் அறிக்கையைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கவில்லை. பணத்தைத் திரும்பக் கோருவதற்கு வீடு திரும்பிய நாளிலிருந்து 30 நாள் அவகாசம் என்பது ஆரோக்கிய சஞ்சீவனியின் விதி. மற்ற பாலிசிகளில் தாளைப் புரட்டிப் பாருங்கள். நாம் பணம் கட்டாமல் நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகச் செலுத்தும் ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் கட்டளையிட்டுள்ளது. கோரிக்கை அனுப்பிய நேரத்தை மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் கேட்டுக் குறித்துக்கொள்வது பிற்பாடு உதவும்.

ஐந்தாம் படி: கைப்பணம் கொடுக்க நேர்ந்தால் ரசீதைப் படியுங்கள்

பயணத்துக்காகவோ அவசரத்துக்காகவோ தனியார் ஆய்வகத்தில் பணம் கட்டும் நிலை வரும்போது, அரசு விதித்த உச்சவரம்பே உங்கள் பாதுகாப்பு. 2020 மார்ச்சில் தனியாருக்கான உச்சவரம்பு 4,500 ரூபாய். ஏப்ரல் 8 அன்று, தனியார் ஆய்வகங்களும் இலவசமாகச் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஐந்தே நாளில், ஏப்ரல் 13 அன்று, ஆயுஷ்மான் பாரத் பயனாளிகளுக்கும் அரசு அறிவிக்கும் நலிந்த பிரிவினருக்கும் மட்டும் என்று அதைத் திருத்தியது. இடைப்பட்ட நாள்களின் செய்தித் துணுக்கு நெடுங்காலம் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நம்பி ஆய்வகத்தில் வாதாடியவர்கள் உண்டு. மே மாத இறுதியில் மத்திய உச்சவரம்பு விலக்கப்பட்டு, மாநிலங்களே பேசி முடிவு செய்யலாம் என்றாயிற்று. தமிழகத்தில் 3,000 ரூபாயாகத் தொடங்கிய கட்டணம் படிப்படியாக 1,200 ஆகி, 2021 மே மாதம் 900 ரூபாய்க்கு வந்தது. பரிந்துரைக்கப்பட்ட காப்பீட்டுப் பயனாளிகளுக்கு 550 ரூபாய். வீட்டுக்கு வந்து எடுத்தால் கூடுதலாக 300 ரூபாய். அந்தத் தொகைகள் அந்த நோய்க்கும் அந்தக் காலத்துக்கும் உரியவை. அடுத்த முறை அடுத்த அரசாணையைத்தான் பார்க்க வேண்டும்.

ரசீதில் கண்ணை ஓட்ட வேண்டிய இடம் மொத்தத் தொகைக்கு மேலே உள்ள வரிகள். பி.சி.ஆர். கட்டணம் வரம்புக்குள் சரியாக 900 என்று இருக்கும். அதன் கீழே "பாதுகாப்பு உடை", "மாதிரி கையாளுதல்", "அறிக்கைக் கட்டணம்" என்று மூன்று வரிகள் ஏறி, மொத்தம் 1,400 ஆகியிருக்கும். வீட்டுக்கு வரும் கட்டணத்தை அரசாணை தனியாகக் குறிப்பிட்டிருப்பதே, மற்றவை பரிசோதனைக் கட்டணத்துக்குள் அடங்கும் என்று வாதிடப் போதுமான ஆதாரம். நோயறியும் பரிசோதனைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, ரசீதில் அந்த வரி தெரிந்தால் அங்கேயே கேளுங்கள். ரசீதே தராமல் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் பணத்தைக் கட்டாதீர்கள், அல்லது கைபேசி வழியாகச் செலுத்தித் தடயம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: களியக்காவிளையைத் தாண்டினால்

விளவங்கோடு, கிள்ளியூர் வட்டத்தாருக்கு நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம் பழக்கமான ஊர். வைத்தியத்துக்கும் வளைகுடா விமானத்துக்கும் அங்கேதான் போகிறார்கள். எல்லைக்கு அப்பால் போனால் அந்த மாநிலத்தின் கட்டணமே பொருந்தும். 2021 ஏப்ரல் இறுதியில் கேரள அரசு பி.சி.ஆர். கட்டணத்தை 1,700 ரூபாயிலிருந்து 500 ரூபாயாகக் குறைத்தது. அந்தச் சில வாரங்களில் இப்புறம் 1,200, அப்புறம் 500. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 முதல், கேரளத்திலிருந்து தமிழகத்துக்குள் வருவோர் 72 மணி நேரத்துக்குள் எடுத்த பி.சி.ஆர். முடிவோ இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றோ காட்ட வேண்டும் என்றானது. பயணத்துக்காகக் கேட்கப்படும் இத்தகைய பரிசோதனையை அரசுத் திட்டமோ காப்பீடோ ஏற்பதில்லை. வெளிநாட்டுக்குத் திரும்புகிறவர், வேலைக்கு அழைக்கும் நிறுவனம் அந்தச் செலவைத் தருமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வதே வழி.

சிகிச்சைக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் மட்டுமே செல்லும். ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் பெயர் உள்ள குடும்பங்களுக்குப் பிற மாநிலத்திலும் சிகிச்சை பெறும் உரிமை உண்டு. உங்கள் அட்டை இவற்றில் எது என்பதை உதவி எண்ணில் கேட்டுவிட்டே பாறசாலைக்கோ நெய்யாற்றின்கரைக்கோ வண்டி ஏறுங்கள். 2021 ஜூலையில் ஜிகா கண்டறியப்பட்ட முதல் கேரள நோயாளி, எல்லையை ஒட்டிய பாறசாலையைச் சேர்ந்தவர். அத்தகைய நோயின் அறிகுறியோடு எந்தப் பக்கத்தில் இருந்தாலும், பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்வதே செலவில்லாத வழி.

ஏழாம் படி: மறுத்தாலோ கூடுதலாக வாங்கினாலோ

வாய்ச்சண்டை பயன் தராது, எழுத்தில் கொடுங்கள். தனியார் மருத்துவமனைகளையும் ஆய்வகங்களையும் பதிவு செய்து கண்காணிக்கும் பொறுப்பு, மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடம் இருக்கிறது. அவருக்கு எழுதும் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை:

"ஐயா, இன்ன தேதியில் இன்ன ஆய்வகத்தில் இன்ன பரிசோதனை செய்துகொண்டேன். அரசாணைப்படி கட்டணம் இவ்வளவு. என்னிடம் வாங்கியது இவ்வளவு. ரசீது நகலையும் மருத்துவர் சீட்டு நகலையும் இணைத்துள்ளேன். கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பித் தர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதன் நகலைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் பதியலாம். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் பாதை வேறு. முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார், கட்டணம் கிடையாது. ஒழுங்குமுறை ஆணையத்தின் உதவி எண் 155255. மறுப்புக் கடிதத்தில் பாலிசியின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறோம் என்று குறிப்பிட்டிருக்கிறார்களா என்பதைப் பாருங்கள். இல்லையென்றால் அதைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அந்தப் பதிலையும் சேர்த்தே முறையீட்டைத் தயாரியுங்கள்.